நாலு கோட்டுக்குக் கீழே தமிழ்: பங்குப் பாடகர் குழுவுக்கு ஒரு லத்தீன் கையேடு

எங்கள் பங்குப் பாடகர் குழு 'சால்வே ரெஜினா' என்ற மாதா பாடலைக் கீபோர்டு இல்லாமல், முழுக்க லத்தீனில், நடுவில் தடுமாறாமல் பாடி முடித்துவிட்டது. பெரிய வியாழன் பவனியில் 'பாஞ்ஜே லிங்குவா' என்ற நற்கருணைப் பாடலும் ஓரளவு தேறியது. திருப்பலியில் பாடும் 'குளோரியா' மட்டும் படுத்துவிட்டது. மூன்றையும் ஒரே கையேட்டில் இருந்துதான் பாடினோம். அந்தக் கையேட்டை எப்படிச் செய்தேன், எவ்வளவு ஆனது, அடுத்த பதிப்பில் எதை மாற்றப்போகிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு பங்கில் யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவும்.

எங்கள் பங்கு வடசென்னையில், பெரம்பூருக்குப் பக்கத்தில். குழுவில் இருபது பேர் போல. நடுத்தர வயதுப் பெண்களே அதிகம். அவர்களுக்குத் தமிழ் எழுத்துதான் வசதி. இளைஞர்கள் எல்லோரும் ஆங்கில வழியில் படித்தவர்கள், தமிழை மெதுவாகத்தான் வாசிப்பார்கள். அதனால் லத்தீன் வரிகளை ஆங்கில எழுத்திலேயே கொடுத்துவிடலாம் என்று முதலில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். 'ஆஞ்ஞுஸ் தேயி' அவர்கள் வாயில் 'ஏக்னஸ் டே' ஆனது, 'சால்வே' வெறும் 'சால்வ்' ஆனது. எழுத்து ஆங்கிலமாக இருந்தால் நாக்கும் ஆங்கிலமாகிவிடுகிறது. தமிழ் எழுத்துதான் என்று அன்றே முடிவானது.

எதைப் பாடுவது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. 1974-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'யூபிலாத்தே தேயோ' என்று ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார். ஒவ்வொரு பங்கும் குறைந்தபட்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கிரகோரியன் பாடல்கள், அதாவது தாளமில்லாத பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள், அதில் இருக்கின்றன. அதிலிருந்து திருப்பலியில் பாடும் பகுதிகளான (எண் மெட்டுத் தொகுதியைக் குறிக்கும்) 16ஆம் எண் கிரியே, 8ஆம் எண் குளோரியா, 18ஆம் எண் சாங்துஸ், ஆஞ்ஞுஸ் தேயி எடுத்துக்கொண்டேன். கூடவே சால்வே ரெஜினா, ரெஜினா ச்சேலி இரண்டும் எளிய மெட்டில், பெரிய வியாழனுக்குப் பாஞ்ஜே லிங்குவா, அடக்கச் சடங்குக்கு 'இன் பாரதீசும்'. "பழைய பூசை திரும்ப வருதா ஃபாதர்?" என்று ஒருவர் கேட்டபோது, பங்குத்தந்தை 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஏட்டை எடுத்து 54ஆம் பத்தியையும் 116ஆம் பத்தியையும் வாசித்துக் காட்டினார். மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் பாடத் தெரிந்திருக்கட்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது. கேட்டவர் சமாதானம் ஆனாரோ இல்லையோ, பயிற்சிக்கு வந்தார்.

கருவிகள்: ஒரு பழைய லேப்டாப், சதுரச் சுரங்களை (கிரகோரியன் பாடல்களை நாலு கோட்டின் மேல் எழுதும் சதுரக் குறிகள்) அச்சிடும் 'கிரெகோரியோ' என்ற இலவச மென்பொருள், அதற்கு அடியில் ஓடும் லுவாலேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள். பாடல்களைக் 'கிரெகோபேஸ்' தளத்தில் இருந்து இறக்கிக்கொண்டேன். அங்கே ஒவ்வொரு பாடலும் வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடைக்கிறது. ஓர் அசை, அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சுரத்தின் உயரத்தைச் சொல்லும் ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். லத்தீன் அசையை அழித்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் அசையைத் தட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் அச்சில் கொம்பு எல்லாம் இடம் மாறி நின்றது. 'தே' என்பதில் த முதலில், இரட்டைக் கொம்பு பின்னால். லுவாலேடெக் தானாக எடுத்துக்கொள்ளும் எழுத்துக் கோர்ப்பு முறைக்குத் தமிழ் சரியாக வராது. எழுத்துருவை அழைக்கும் வரியில் 'ஹார்ஃப்பஸ்' முறையைக் கேட்டு வாங்க வேண்டும். லுவாலேடெக்கைத் தரும் டெக்லைவ் தொகுப்பில் 2020 பதிப்பு முதல் அது உள்ளேயே வருகிறது. என்னிடம் இருந்தது அதற்கும் பழையது, புதிதாக இறக்க ஓர் இரவு போனது. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ்.

அடுத்த சிக்கல் முதலெழுத்து. கிரெகோரியோ பழைய கையெழுத்துப் பிரதிகளின் வழக்கப்படி பாடலின் முதலெழுத்தைப் பெரிதாகத் தனியே எடுத்துக் கோட்டுக்கு முன்னால் வைக்கும். 'கிரியே' என்று கொடுத்தால் 'க' மட்டும் பெரிதாக நின்றுவிட்டது. அநாதையான 'ி' ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குக் கீழே நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. முதலெழுத்து அலங்காரத்தையே முழுதாக நிறுத்திவிட்டேன். அழகு கொஞ்சம் போனது, ஆனால் ஒவ்வொரு பாடலிலும் ஒரு விரற்கடை இடம் மிச்சம்.

மூன்றாவது, சுரம் உட்காரும் இடம். லத்தீனில் அசையின் உயிரெழுத்து எது என்று மென்பொருளுக்குத் தெரியும், அதற்கு நேர் மேலே சுரத்தை வைக்கும். தமிழில் அது எதையும் அடையாளம் காணவில்லை. 'க்லோ' மாதிரி மெய்யில் தொடங்கும் அசைகளில் சுரம் 'க்' மேல் போய் நின்றது. பாடுபவர்கள் அந்தக் 'க்' மேலேயே இழுத்தார்கள். இதற்கு ஒரு வழி உண்டு: எந்த எழுத்தின் மேல் சுரம் வர வேண்டுமோ அதைச் சுருள் அடைப்புக்குள் போட்டால் போதும். சிக்கலான எல்லா அசைக்கும் கையால் போட்டேன். சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் அச்சிட்டிருந்தால் கையேடு வீண்.

இனி வருவதுதான் உண்மையான வேலை: லத்தீனைத் தமிழில் எழுதுவது.

குழுவில் எழுபதைத் தாண்டிய ஓர் ஆன்ட்டி இருக்கிறார். சிறுமியாக இருந்தபோது இத்தாலியக் குருக்களின் பூசையில் லத்தீனைக் கேட்டே மனப்பாடம் செய்தவர். அவர் வாயில் வந்த உச்சரிப்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். உரோமை வழக்கு உச்சரிப்போடு அது நன்றாகவே ஒத்துப்போனது. ஒவ்வொரு வரியையும் அவர் சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்து, அப்புறம் எழுதினேன்.

தமிழுக்கு இந்த வேலையில் சில வசதிகள் உண்டு. 'ஞ' நம்மிடம் தயாராக இருக்கிறது. ஆனாலும் 'ஆஞுஸ்' என்று எழுதியபோது பாதிப் பேர் 'ஆஜுஸ்' என்று வாசித்தார்கள். 'ஞு' யாருக்கும் கண்ணுக்குப் பழகிய எழுத்து இல்லை. 'ஆஞ்ஞுஸ்' என்று இரட்டித்ததும் சரியானது. 'சேலி' என்று எழுதினால் சென்னையில் எல்லோரும் சோற்றுக்கு வரும் 'ச' போலவே வாசிப்பார்கள். அதனால் 'ச்சேலி'. மெய்யில் தொடங்கும் சொல் இலக்கணத்துக்கு ஆகாது என்று தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அங்கிள் முகத்தைச் சுளித்தார். இலக்கணம் லத்தீனுக்குப் பொருந்தாது என்று சொல்லித் தப்பித்தேன்.

தொல்லை கொடுத்தது க, த, ப. 'க்லோரியா'வில் வருவது கங்கையின் முதல் எழுத்து, 'கிரியே'யில் வருவது கடலின் முதல் எழுத்து. நம் சுலோகப் புத்தகங்களில் க³, த³, ப³ என்று தலையில் எண் போட்டிருப்பார்கள். அதையே பின்பற்றினேன். சுலோகப் புத்தகம் வாசித்துப் பழக்கம் இல்லாத குழு இது. மேலே சதுரச் சுரம், கீழே எழுத்து, எழுத்தின் தலையில் எண். "தம்பி, இந்த மூணு மூணு தடவை பாடணும்னு அர்த்தமா?" என்று ஓர் அக்கா கேட்டதும் எண்களை எடுத்துவிட்டேன். பதிலாக, அழுத்தி ஒலிக்க வேண்டிய க, த, ப எழுத்துகளைத் தடிமனாக அச்சிட்டேன். 'தோமினுஸ்', 'பெனெதிக்துஸ்', 'க்லோரியா' எல்லாம் இப்போது சரியாக வருகின்றன. முதல் பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு வரி விளக்கம்தான். அதை யாரும் படிக்கவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள்.

குறில் நெடில் விஷயம் இதைவிட நுட்பமானது. தமிழர்கள் நெடிலைப் பார்த்தால் இரண்டு மாத்திரை கொடுத்தே தீருவார்கள். ஆனால் கிரகோரியனில் ஒரு சுரம் நீள்வதை எழுத்து தீர்மானிப்பதில்லை, சுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிதான் தீர்மானிக்கிறது. முதல் நகலில் காதுக்குக் கேட்டபடி நெடில் போட்டிருந்தேன். பாட்டு நொண்டி நடந்தது. சரி என்று எல்லாவற்றையும் குறிலாக்கினேன். 'சல்வெ ரெஜின' என்று வந்தது. எங்கள் பங்கில் ரெஜினா என்ற பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள்; ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: புள்ளி வைத்த சுரத்துக்குக் கீழே எப்போதும் நெடில், மற்ற இடங்களில் கூடியவரை குறில், பழகிய பெயர்ச்சொல்லை மட்டும் தொடவில்லை. அதற்கப்புறம் நீளத்தைப் பற்றிப் பயிற்சியில் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. புள்ளியை யாரும் பார்க்கவில்லை, நெடிலைப் பார்த்து நீட்டினார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சதுரச் சுரம் படிக்கக் கற்றுக்கொடுக்கச் செலவழித்த நேரத்தை இதற்கே கொடுத்திருக்கலாம். குழு படிப்பது எழுத்தை. சுரத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது.

கர்நாடக சங்கீதம் கற்ற ஒருவர் குழுவில் இருப்பதால், கோட்டுக்கு மேலே சுர எழுத்துகளையும் போட்டுப் பார்த்தேன். சால்வே ரெஜினாவின் தொடக்கம் ச க ப த ப. ஒரே வரியில் விஷயம் புரிந்துவிடுகிறது. ஆனால் பாட்டு முழுக்கப் போட்டபோது எல்லோரும் சரளி வரிசை போல ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தட்டுக் கொடுத்துப் பாடினார்கள். சொல் செத்துப்போனது. இப்போது முதல் சொற்றொடருக்கு மட்டும் சுரம் வைத்திருக்கிறேன்.

வரி முறிவையும் கையால்தான் கொடுத்தேன். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் வரி நிறைந்ததும் எங்கே வேண்டுமானாலும் உடைக்கும். வரி முடிவில் எல்லோரும் மூச்சு எடுப்பார்கள். சொற்றொடர் முடிவைக் காட்டும் அரைக் கோடோ முழுக் கோடோ வரும் இடத்தில் மட்டும் வரி முடியும்படி மாற்றினேன். சில வரிகள் குட்டையாகத்தான் நிற்கின்றன, பரவாயில்லை. வரிக் கடைசியில் அடுத்த வரியின் முதல் சுரத்தைக் காட்டும் சின்னக் குறி ஒன்று உண்டு. அதை எடுத்துவிடாதீர்கள், குழு அதைத்தான் அதிகம் நம்புகிறது.

அளவுகள்: பக்கம் ஏ5, அதாவது 148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். நாலு கோட்டின் அளவு கிரெகோரியோவில் இயல்பாக 17. அதை 22 ஆக்கினேன். எழுத்து 14 புள்ளி. கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த சுரமும் 'ரி'யின் கொக்கியும் மோதிக்கொள்ளும். மொத்தம் 32 பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், இடம் மீந்த பக்கங்களில் தமிழ்ப் பொருளைக் கொடுத்தேன்.

காகிதத்தில் கொஞ்சம் பணம் வீணானது. மாதிரிக்காக 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் 10 பிரதி எடுத்தேன், பிரதிக்கு 16 ரூபாய். சதுரச் சுரம் கனத்த கறுப்பு; டியூப் லைட் வெளிச்சத்தில் பின்பக்கச் சுரங்களும் முன்பக்கத்தில் தெரிந்தன. இல்லாத சுரத்தை எல்லாம் பாட ஆள் இருந்தது. 100 ஜிஎஸ்எம்முக்கு மாறியதும் அந்தப் பிரச்சினை போனது. கடையில் 'பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கு' என்பதைத் தட்டிவிட்டு 22-ஐ மறுபடி 19 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்லவேளை, முதல் தாளிலேயே அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டேன். நீங்களும் ஸ்கேல் எடுத்துப்போங்கள்.

கணக்கு இது. 40 பிரதிகளுக்கு உள்தாள் தலா 24 ரூபாய், அட்டை தலா 12 ரூபாய், ஆக 1,440. நீளக் கை ஸ்டேப்ளர் ஆண்டர்சன் தெருவில் 750. வீட்டில் எடுத்த மாதிரி அச்சுகளுக்கு மையும் தாளும் 300. வீணான 80 ஜிஎஸ்எம் 160. மொத்தம் 2,650. பின் நாங்களே அடித்தோம். ஸ்டேப்ளர் இப்போது பங்கு அலுவலகத்தில் இருக்கிறது, ஞாயிறு செய்திமடலுக்கும் அதுதான். காற்றாடிக்கு மட்டும் திட்டம் போடவில்லை. பாடகர் மாடத்தில் மூன்று சுவர் மின்விசிறிகள். நிறுத்தினால் புழுக்கம், ஓடினால் பக்கம் பறக்கிறது. ஆளுக்கு இரண்டு துணி கிளிப் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம்.

பயிற்சியை முதலில் பாட்டு இல்லாமல் ஆரம்பித்தேன். ஜெபமாலை சொல்வது போல எல்லோரும் ஒரே குரலில் வரியை வாசிக்க வேண்டும். தாளம் இல்லாத பாட்டுக்கு வேகம் எங்கிருந்து வரும் என்று கீபோர்டு மாஸ்டருக்குப் பெரிய கவலை. கீபோர்டில் ரிதம் போட விரல் துடித்தது. ஜெபமாலை வேகம் வந்ததும் அவரே ரிதம் பொத்தானை விட்டு விலகினார். பயிற்சிக்கு மட்டும் போனில் சுருதிப் பெட்டி, சால்வேக்கு 2 கட்டை. உச்சத்தில் மேல் 'ச' வரும்; 2 கட்டையில் பெண்களுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஆண்களுக்கும் அது சிரமமில்லை. 3 கட்டையில் ஆண்கள் கத்தினார்கள்.

பாஞ்ஜே லிங்குவாவில் வேறு கூத்து. அது மூன்றாவது முறையில் (கிரகோரியனில் 'மோட்' என்பார்கள், நம் ராகம் போல) அமைந்த மெட்டு. அந்த முறையின் ஏழு சுரங்களையும் அடுக்கினால் நம் தோடியின் சுரங்கள். கர்நாடகம் கற்ற அக்காவுக்குக் காந்தாரத்தை ஆட்டாமல் பாட வரவே இல்லை. அவர் ஆட்டினால் பக்கத்தில் நிற்பவர்களும் ஆட்டினார்கள், ஆளுக்கொரு அளவில். கேட்க அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒன்றாகச் சேரவில்லை. சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு, ஆன்ட்டியை முதலில் பாடவிட்டு மற்றவர்கள் திருப்பிச் சொன்னதும் நேரானது. தம்புரா ஒலி கேட்டாலே அக்காவின் தொண்டை தோடிக்குப் போய்விடுகிறது.

அக்வினாஸ் தோமா எழுதிய இந்தப் பாடலில் ஆறு பத்திகள். முதல் பத்திக்கு மட்டும் சுரம் கொடுத்து மற்றவற்றை வெறும் வரிகளாக அச்சிட்டேன். இடம் மிச்சமானது, ஆனால் மூன்றாம் பத்தியில் அசைகள் சுரத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. பவனி நற்கருணைப் பீடத்தை அடையும்வரை முதல் நாலு பத்திகளைத் திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கடைசி இரண்டு, அதாவது 'தாந்தும் ஏர்கோ'. அதன் தமிழ் வடிவம் ஆசீர் வழிபாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், பொருள் தெரிந்தே பாடினார்கள். அந்த இடத்தில் மக்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குளோரியாவுக்கு வருவோம். பயிற்சியில் நன்றாகவே இருந்தது, 2 கட்டையில். திருப்பலியில் 'குளோரியா இன் எக்ஷெல்சிஸ் தேயோ' என்ற முதல் வரியைக் குருவானவர் எடுத்துக்கொடுத்தார். அவர் குரலுக்கு வசதியாக 4 கட்டைக்குப் பக்கத்தில் எடுத்தார். மாடத்தில் இருந்து யாரும் அவருக்குச் சுருதி கொடுக்கவில்லை. அப்படி ஒன்று தேவை என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. மேலே தொடங்கும் 'தோமினே தேயுஸ், ரெக்ஸ் ச்செலெஸ்திஸ்' வரியில் ஆண்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். 'குயி தோல்லிஸ்' நடுவில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. துணி கிளிப்பைக் கழற்றிப் போடுவதற்குள் மீதிப் பேரும் போய்விட்டார்கள். ஆன்ட்டியும் இன்னும் மூன்று பேரும் முடித்து வைத்தார்கள். கீழே மக்கள் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்கள். வருடக்கணக்கில் தமிழில் பாடி வந்த பகுதியை ஒரே நாளில் அவர்கள் கையில் இருந்து பிடுங்கியது எனக்கே சரியாகப் படவில்லை.

முதல் வரியைக் குருவானவர்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் படிப்பினை 53ஆம் எண், முன்பாடகரோ பாடகர் குழுவோ தொடங்கவும் இடம் கொடுக்கிறது. இனி மாடத்தில் இருந்து ஆன்ட்டிதான் தொடங்குவார். இரண்டாம் பதிப்பில் குளோரியா எதிரெதிர்ப் பக்கங்களில் மட்டும் அடங்க வேண்டும், பக்கம் திருப்பவே கூடாது. அதற்காக அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கோட்டை 19க்கு இறக்கத் தயார். குழு ஒரு வரி, மக்கள் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் பாடும்படி வரிகளுக்குக் குறியும் வைக்கிறேன். பாஞ்ஜே லிங்குவாவின் எல்லாப் பத்திகளுக்கும் சுரம் போட வேண்டும். அதற்கு மட்டும் மூன்று பக்கம் கூடும். அட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டினால் பிரதிக்கு 6 ரூபாய். வியர்வைக் கையில் இப்போதே அட்டைகள் ஓரம் மடங்கிவிட்டன.

இளைஞர்கள் மூன்றாம் எண் கிரெதோவையும், அதாவது விசுவாச அறிக்கையையும், சேர்க்கச் சொல்கிறார்கள். அதற்கு நாலு பக்கம், பாஞ்ஜே லிங்குவாவுக்கு மூன்று. 39 பக்கம் அச்சுக்கு ஆகாது, 40 ஆக வேண்டும். மிச்சமாகும் அந்த ஒரு பக்கத்தில் 'ஆவே வேரும்' போடலாம் என்கிறார் மாஸ்டர். ஆன்ட்டி வெறுமனே விட்டு வைக்கச் சொல்கிறார், பென்சிலால் குறிப்பெழுத.